ஈர மரமும் டிரெஸர் பொன்னையாவும்

யாழினி, போன மாதம் நான் நம் பதிப்பக அலுவலகத்துக்கு வந்திருந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். கேட்டதும் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தே தாரேக் தேநீர்க் கிளாசுக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா, பொன்னையா நாவல்ல முதல்ல வந்ததெல்லாம் ஒரே மூச்சுல படிச்சேன். பின்னாடி வந்தத முடிக்கவே முடியல. எடிட்டர் நீங்கதானே, எப்படி விட்டீங்க?" என்றாய்.

நான் சிரித்து மழுப்பிவிட்டுக் காடி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் உன் மேல் கோபம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். அலோர் ஸ்டார் தாண்டியதும் கோபம் உன் மேல் இல்லை என்று தெரிந்துபோயிற்று. ஜித்ராவில் மகள் வீட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று பேரும் படியுங்கள். பக்கம் கட்டுவதும் பிழை பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

பொன்னையாவை எழுதியவரை அலுவலகத்தில் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அண்ணன் அப்போது ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். துப்பறிகிறவனை ஏன் போலீஸ்காரனாக வைக்காமல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக வைத்தார் என்று நான் ஒரு தடவை கேட்டேன். போலீஸ் மறுநாள்தான் வரும், யார் முதுகில் என்ன தழும்பு என்பது டிரெஸருக்கு மட்டும்தான் தெரியும் என்றார். அப்படிப் பிறந்தவர்தான் டிரெஸர் பொன்னையா. யாழ்ப்பாணத்துப் பேச்சு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, யாரையும் அதட்டாத குரல்.

முதல் நாவலில் ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோர் செத்துக்கிடப்பான். விடிகாலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், ஒருவன் தன் ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன் என்பான். அதற்கு நாற்பது பக்கம் முன்னால், வேறு ஏதோ பேச்சின் நடுவே, அன்றைக்குக் கோழி கூவும் நேரத்தில் மழை பெய்தது என்று ஒரே ஒரு வரி வந்துபோயிருக்கும். மழையில் நனைந்த மரத்தில் யாரும் பால் வெட்ட மாட்டார்கள். பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகிப்போகும். பட்டணத்து வாசகர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். தோட்டத்து ஆள் அங்கேயே புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, அடப்பாவி என்பான்.

அந்த அடப்பாவிக்காகத்தான் நாங்கள் கடைசி அத்தியாயத்தை ஒட்டி விற்றோம். கடைசிப் பக்கங்களின் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டையை வைத்துப் பசை தடவிவிடுவோம். கிழிப்பதற்கு முன்னால், குற்றவாளி யார், எதை வைத்துச் சொல்கிறேன் என்று அஞ்சலட்டையில் எழுதிப் போடவேண்டும். சரியாகச் சொன்ன முதல் ஆளின் பெயர் அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்துக்கு வைக்கப்படும். கிழித்துப் பார்த்துவிட்டு எழுதினால் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். ஒருவருக்கும் தெரியாதுதான். ஆனால் ஒரு லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பிரதிதான் இருக்கும். கடைசி வீட்டுக்காரர் படித்து முடிக்கும்வரை பட்டையை யாரும் தொட மாட்டார்கள். பெயர் வந்த ஆள் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டு முன்கூடத்தில் மாட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அஞ்சலட்டை போய் வாட்சாப் வந்த பிறகும் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

அப்படி அதிகத் தடவை பெயர் வந்தவர் செல்வராணி. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு நகத்தளவு மின்னணுச் சில்லில் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கவேண்டும். அந்தக் கண்ணுக்கு அண்ணனின் ஒளித்த வரி எதுவும் தப்பாது. தொழிற்சாலை பஸ்ஸில் போகவர ஒரு வாரம் படிப்பார், விடை வந்துவிடும். நர்சு செல்வராணி, ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் செல்வராணி, ஓடிப்போன செல்வராணி என்றெல்லாம் நாலு நாவலில் வந்துவிட்டார். அப்போதெல்லாம் அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அண்ணனும் பார்த்ததில்லை. ஆனால் எழுதும்போது இந்த இடம் செல்வராணிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தே அண்ணன் ஒளிப்பார்.

பிறகு அண்ணனின் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானது. அவர் பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல வீடு, நல்ல மருமகள், இரண்டு பூட்டுப் போட்ட இரும்புக் கேட். போனில் நாள் முழுக்கத் திருட்டு, கொள்ளை, கவனம் கவனம் என்று யாராவது எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் பேருந்து ஏறி ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். நாவல் மட்டும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தவறாமல் வந்தது.

அந்த நாவல்களில் ஒன்றைத் திருத்தும்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். விடிகாலை மழை விட்டதும் முத்து பால் வெட்டக் கிளம்பினான் என்று எழுதியிருந்தார். முதலில் இதுவும் துப்பாக இருக்கும் என்று நினைத்துக் கடைசி அத்தியாயம்வரை தேடினேன். துப்பில்லை, பிழைதான். ஈர மரத்தை வைத்தே பெயர் வாங்கிய மனிதர் ஈர மரத்தில் ஆளை அனுப்பியிருந்தார். அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார், இந்த நேரத்தில் எதற்கு என்று, மழை என்பதைப் பனி என்று மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாவலில் செத்தவன் ஒருவன் பதினோராம் அத்தியாயத்தில் காப்பி குடித்தான். அவனை எடுத்துவிட்டு அவன் தம்பியைக் குடிக்க வைத்தேன். அதற்கடுத்ததில் துப்பே இல்லை. நானே இரண்டு வரி எழுதி உள்ளே செருகினேன். இப்படி ஆறு புத்தகம். ஒன்றைக்கூட அவரிடம் சொல்லவில்லை. அன்பினால் செய்தேன் என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மைதான். ஆனால், நான் இல்லாவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று ஒரு திமிரும் இருந்தது, பிள்ளைகளே. அதை இன்றைக்குத்தான் எழுத்தில் வைக்கிறேன்.

பிழைகளைத் திருத்தினேனே தவிர, பெரிய கோளாறு ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. அதைச் சொன்னது செல்வராணி. ஒரு நாவல் வந்த நாலாம் நாள் வாட்சாப்பில் வழக்கம்போல விடை வந்தது, சரியான விடை. கூடவே காகிதத்தில் எழுதிப் படம் பிடித்த ஒரு கடிதமும் இருந்தது. இருபதாம் பக்கத்தில் ஒரு நேப்பாளத் தொழிலாளி வந்தான், அவன்தான் என்று எழுதிவிட்டேன், மிச்சத்தைப் படிக்கவில்லை என்று தொடங்கியிருந்தார். போன நாவலில் பங்களாதேஷ்காரன், அதற்கு முன்னால் மியன்மார்க்காரன் என்று வரிசையாகக் குறித்திருந்தார். முன்னெல்லாம் குற்றவாளி நம்மோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவராக இருப்பார், ஏன் செய்தார் என்று தெரியும்போது அவர் மேலேயே இரக்கம் வரும், இப்போது வெளியாள் ஒருவன் வருவான், கொல்வான், மாட்டிக்கொள்வான் என்று எழுதியிருந்தார். கடைசி வரி, இனிமேல் என் பேரைப் போடாதீங்க.

நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தனையும் உண்மை என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. அண்ணனிடம் காட்டவேண்டும், நாளைக்குக் காட்டலாம், அடுத்த வாரம் காட்டலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒருநாள் அண்ணனே போன் பண்ணினார். தீபாவளிக்கு முன்னால் புத்தகம் வெளிவரவேண்டும், அச்சகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது, ஒரு பாத்திரத்துக்கு மட்டும் பெயர் பாக்கி.

"இந்தத் தடவ யாரு பேரு, தங்கச்சி?" என்றார்.

சரியாகச் சொன்ன முதல் ஆள் செல்வராணிதான். வேறு பெயர் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கடிதத்தைச் சொல்லவேண்டும். கடிதத்தைச் சொன்னால் ஆறு புத்தகத்தையும் சொல்லவேண்டிவரும். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் என் தலையில் ஓடியது. செல்வராணி என்றேன். அவர் சிரித்தார், அந்தப் பொண்ணா, பலே ஆளு என்றார். நான் செய்த தப்புகளில் பெரியது அந்த ஒரு சொல்தான்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து, தொழிற்சாலைச் சட்டையோடு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். வேலை முடிந்து கூலிமிலிருந்து நேராக வந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"அக்கா, நான்தான் செல்வராணி. பேரு போடாதீங்கன்னு எழுதுனேன்லா?"

"எழுதினீங்க."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"பிறகு ஏன்?"

வழக்கம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். செல்வராணி என்ற அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, நேப்பாள இளைஞனை நோக்கி விரலை நீட்டி, இவன்தான் என்றாள் என்று அச்சாகியிருந்தது. இந்த நாவலிலும் குற்றவாளி நேப்பாளிதான். என் கையால் அச்சுக்குப் போன வரி.

"என் பேருல ஒருத்தி அந்தப் பையனக் காட்டிக் குடுக்கிறா. நான் அப்படிப்பட்ட ஆளா, அக்கா?" என்றார்.

பிறகு மாயாவைப் பற்றிச் சொன்னார். மாயா நேப்பாளப் பெண், பக்கத்து நாற்காலியில் அதே வேலை பார்க்கிறவள். செல்வராணியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தது மாயாதான். ரெஹாட் விடும் ஓய்வு நேரத்தில் பொன்னையா கதையைச் செல்வராணி மலாயில் சொல்வாராம், மாயா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாளாம். டாக்டர் பொன்னையா என்றுதான் சொல்வாளாம்.

"இந்த நாலஞ்சு புக்கா நான் முடிவ மாத்திச் சொல்றேன், அக்கா. குற்றவாளி வேற ஆளுன்னு நானே ஒண்ணு கட்டிச் சொல்லிருவேன். வேற எப்படிச் சொல்றது அவகிட்ட? அவ கேக்கும்போது பொய் சொல்றோமேன்னு இருக்கு. புக்க பேக்ல ஒளிச்சி வக்கிறேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதே வேலையைத்தான் அந்த மேசையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். அவராவது ஒரு மனுஷிக்காகச் செய்தார். நான் யாருக்காகச் செய்தேன் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

அப்போது அடுத்த நாவல் பக்கம் கட்டி முடிந்து என் மேசைமேலேயே இருந்தது. அதில் குற்றவாளி ஒரு இந்தோனேசியப் பணிப்பெண். அச்சகத்துக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். மறுநாள் காலை அந்தக் கட்டையும், செல்வராணியின் கடிதத்தையும், ஆறு புத்தகத்தின் கையெழுத்துப் பிரதிகளையும் தூக்கிக்கொண்டு பாக்கார் ஆராங் போனேன். அண்ணன் வீட்டில் சாப்பிடாமல் யாரும் வெளியே வந்ததில்லை. மணி எதுவானாலும் தட்டு வந்துவிடும். அன்றைக்கும் மருமகள் இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் கடிதத்தை நிதானமாகப் படித்தார். முகம் கறுத்தது, ஆனால் கோபப்படவில்லை. சரியாத்தான் எழுதியிருக்கா என்று மெல்லச் சொன்னார். வெளியே போய் ஆளைப் பார்க்கிறதே இல்லை, பார்க்காத ஆளைக் கொலைகாரனாக்குவது சுலபமாக இருக்கிறது என்றார். நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்துவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் பிரதிகளையும் கொண்டுபோயிருந்தேனே. சிவப்பு மையில் என் எழுத்து இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மழை, காப்பி குடித்த பிணம், நான் செருகிய துப்புகள்.

அவர் வெகுநேரம் அந்த மழை வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன புக்கா?"

"ஆறு, அண்ணே."

"முகம் தெரியாத ஒரு பொண்ணு என்கிட்ட சொல்லிட்டா. நீ சொல்லல" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். நல்லதுக்குத்தான் என்றும் சொல்லித் தொலைத்தேன். முதல் தடவை நீ மழையைக் காட்டியிருந்தால் அன்றைக்கே ஒரு பஸ் ஏறி ஏதாவது ஒரு தோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருப்பேன், அப்போது கால் நன்றாக இருந்தது என்றார். நான் எழுந்தேன். கேட்டைத் திறந்துவிட்டார். சாப்பிட்டுப் போ என்று அவரும் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகளும் சொல்லவில்லை.

அந்த நாவலை அவரே வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு மாதம் போன் இல்லை. பிறகு ஒருநாள், கூலிமுக்குப் போகவேண்டும், காடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். போகும்போதும் வரும்போதும் என்னோடு பேசவில்லை. தொழிற்சாலைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில், ஷிப்ட் விட்டு வந்த செல்வராணியோடும் மாயாவோடும் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர்தான் கேள்வி கேட்டார், அவர்கள் சொன்னார்கள். ஹாஸ்டலில் யார் சமைக்கிறார்கள், பாஸ்போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள், லீவு நாளில் எங்கே போவீர்கள். இப்படி ஏழெட்டுத் தடவை அவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

கடைசி நாவல் அப்படி எழுதியது. அது பழைய பொன்னையா நாவல் போல வரவில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். நடை தளர்ந்திருக்கிறது, நடுவில் இரண்டு அத்தியாயம் இழுக்கிறது. பிரதியில் ஓர் இடத்தில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் இருந்தான். சிவப்பு மைப் பேனாவைத் தேடிய கையை இழுத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். போனில் கண்டபடி திட்டினார். பத்து நாளில் சரிசெய்து அனுப்பினார். அவர் மாற்றியது எனக்குத் தோன்றியதைவிட நன்றாக இருந்தது.

புத்தகம் வந்த ஒரு வாரத்தில் செல்வராணி விடை அனுப்பினார். தொழிலாளிகளைக் கொண்டுவந்த ஏஜெண்டுதான் கொலைகாரன் என்று அடித்துச் சொல்லியிருந்தார். மறுநாள் பட்டையைக் கிழித்திருக்கிறார். இன்னொரு செய்தி வந்தது. அதை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

"தப்பாப் போச்சு அக்கா. ஹாஸ்டல்ல சமைக்கிற அந்த அக்காவா இருக்கும்னு நினைக்கவே இல்ல. என்ன மாதிரியே இருந்தா, அதான் கண்ணுல படல. எவ்வளவு நாளாச்சு தப்பா சொல்லி. மாயாகிட்ட முடிவ மாத்தாம அப்படியே சொன்னேன். ரெண்டு பேரும் அழுதுட்டோம்."

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், யாழினி. எப்படி விட்டீர்கள் என்று கேட்டாய். விடவில்லை, மூடி மறைத்தேன். அதனால்தான் அது அவ்வளவு நாள் நீடித்தது. நாளைக்கு உங்களில் யாருடைய மேசைக்காவது, நீங்கள் மதிக்கிற ஒருவர் ஈர மரத்தில் ஆளை அனுப்புவார். அன்றைக்குப் பென்சிலை எடுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். உனக்கு நாக்கு நீளம் என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த நாக்கு அப்போது எனக்கு இருந்திருக்கவேண்டும்.

செல்வராணியின் செய்தியை, அது வந்த அன்றைக்கே நான் பாக்கார் ஆராங்குக்கு எடுத்துப்போனேன். கேட்டுக்கு வெளியே நின்றபடியே போனை நீட்டினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். 

"நீ எங்கயாவது கை வச்சியா?" என்று கேட்டார்.

"பென்சில் கோடு ஒண்ணுதான், அண்ணே. எழுதுனது முழுக்க நீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பூட்டையும் திறந்தார்.

"வா, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.